லண்டன் கோலுக்கு டேட்டா

காலை பத்தே முக்காலுக்கு வீட்டு இணையம் செத்துப்போனது. சஞ்சீவனி ரவுட்டரை அணைத்து, மனதுக்குள் முப்பது எண்ணி, மறுபடி போட்டுப் பார்த்தாள். மூன்று விளக்குகள் பச்சையாக எரிந்தன. நான்காவது சிவப்பிலேயே நின்றது. இன்னொரு தரம் அணைத்தாள், இன்னொரு தரம் எண்ணினாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

வெளியே போய் விசாரித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். கடுகண்ணாவை இறக்கத்தில், ராத்திரி மழையில் ஊறி நின்ற ஒரு பெரிய மாரா மரம் சற்றுமுன் வேரோடு சாய்ந்து, ரோட்டோரக் கம்பிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டதாம். பிலிமத்தலாவை வரைக்கும் யாருக்கும் லைன் இல்லையாம். நாளைக்குத்தான் சரிவருமாம். அவர் அதைச் சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டார். அவருக்கு நாளைக்கு என்பது பெரிய தூரமில்லை.

சஞ்சீவனிக்கு அன்று பகல் இரண்டரை மணிதான் உலகமே. கண்டியில் இரண்டரை என்றால் லண்டனில் காலை ஒன்பது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், அந்த நேரத்துக்கு, திருச்செல்வம் என்ற பெரியவர் டொக்டருக்கு முன்னால் உட்காரப்போகிறார்.

அவளுடைய வேலை அப்படிப்பட்டது. தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் இங்கிலிஷ் மட்டும் தெரிந்த டொக்டருக்கும் நடுவில், தொலைபேசியில் இருந்து, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மாற்றிச் சொல்வது. வெளிநாட்டுக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, இரண்டு வருடமாகச் செய்கிறாள். விதிகள் கடுமையானவை. சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டக்கூடாது, ஒரு சொல்லைக் குறைக்கக்கூடாது. வேறு யார் காதிலும் விழக்கூடாது. கேட்டதைக் கட்டிய புருஷனிடம்கூட மூச்சு விடக்கூடாது. அதற்காகத்தான் கம்பெனி அவளுடைய கைப்பேசியில் வி.பி.என். என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தது. யாரும் எட்டிப்பார்க்க முடியாத ஒரு தனிவழி. அந்த வழி திறந்தால்தான் கோல் என்கிற அழைப்பு வரும். திறக்காவிட்டால் அவள் இருந்தும் இல்லாதவள்.

ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் அவள் கண்ணை மூடி, என் வாயில் பிசகு வராமல் பார்த்துக்கொள் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொள்வாள். மூன்று கிழமைக்கு முன்னால் திருச்செல்வத்துக்காக உட்கார்ந்தபோதும் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள்.

அவருக்கு நீரிழிவு. வலது பாதத்தில் ஆறாத புண். அரை வருடமாக அவருடைய மகள்தான் கூடப் போய் டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லிவந்தாள். அன்றைக்கு மகள் வந்த ரயில் தாமதமாகிவிட்டதால் ஆஸ்பத்திரிக்காரர்கள் சஞ்சீவனியைக் கூப்பிட்டார்கள். டொக்டர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, போன முறையும் சொன்னதுபோல முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவதைப் பற்றி யோசித்தீர்களா என்று கேட்டார். சஞ்சீவனி அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"போன முறையே சொன்னவரோ?" என்று பெரியவர் கேட்டார்.

இரண்டு முறை சொன்னேன் என்றார் டொக்டர். மகளோ, மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்வதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார். "அடுத்த முறையும் நீங்களே வருவியளோ பிள்ளை? என்ர மகள் நல்லவள். என்னில சரியான பாசம். ஆனா எனக்கு உள்ளதை உள்ளபடி கேக்க வேணும்."

அதையும் விதிப்படி டொக்டருக்கு மாற்றிச் சொன்னாள். டொக்டர் இதே ஆளையே கூப்பிடுகிறோம் என்று குறித்துக்கொண்டார். அதோடு அவள் லைனை விட்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருடத்தில் முதல்தடவையாகச் சொந்தமாக ஒரு வார்த்தை வாயைவிட்டு வந்துவிட்டது. "வருவேங்கய்யா."

இன்றைக்கு அவர் வேண்டும் வேண்டாம் என்று முடிவு சொல்லும் நாள். இரண்டு பதினைந்துக்குள் அவள் அந்தத் தனிவழியில் நுழைந்து 'தயார்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கம்பெனி அவள் பெயரை எடுத்துவிடும். பக்கத்தில் மகள் இருக்கும்போது புது ஆளைத் தேடி யாரும் மெனக்கெட மாட்டார்கள். நீங்களே சொல்லுங்கள் என்று மகளிடம் சொல்லிவிடுவார்கள். தன் கால் போகப்போவதை அந்த மனிதர் மறுபடியும் அரைகுறையாகத்தான் கேட்பார்.

பரவாயில்லை, கைப்பேசி டேட்டா இருக்கிறதே என்று நினைத்தாள். பிலிமத்தலாவையில் ரீலோட் கடை வைத்திருக்கும் ரபீகாவுக்குப் போன் பண்ணினாள். பாதி ஊருக்கு ரபீகாதான் டேட்டா போடுகிறவள். லண்டனுக்கு ஒரு கோல் இருக்குதுக்கா, ஒரு மணித்தியாலம் போகும், என்று சஞ்சீவனி ஆரம்பித்ததுமே ரபீகா புரிந்துகொண்டுவிட்டாள்.

"லண்டன்ல யாரு, தம்பியா?"

யாரென்று சொல்லச் சஞ்சீவனிக்கு விதி இடம் கொடுக்காது. ரபீகா பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. "வைங்க புள்ள. நல்லதா ஒன்னு பாத்துப் போடுறன். காலையில இருந்து அந்தி வரைக்கும் பேசினாலும் முடியாது."

போனை வைத்த இரண்டாவது நிமிடம் டேட்டா வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சஞ்சீவனி அதைப் பாதி வாசித்து மூடிவிட்டு வி.பி.என். பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுழன்றது. சுழன்றது. இணைக்க முடியவில்லை என்று வந்தது.

கூடத்தில் சிக்னல் போதவில்லை போலும் என்று குசினிக்குப் போனாள். குசினியிலிருந்து பின்வாசலுக்கு. அங்கிருந்து தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் பாறைக்கு. பாறைமேல் ஏறி நின்றால் நாலு கோடும் நிறைந்தது. வட்டம் சுழன்றது, நின்றது, முடியவில்லை என்றது. செருப்பில் சேறு. தலையில் தூறல். பதினொன்று இருபது.

கம்பெனிக்குக் கண்டியில் ஒரு சின்ன உதவி அலுவலகம் இருக்கிறது. அங்கே ஸிபான் என்றொரு பொடியன் வேலை செய்கிறான். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். அவள் செய்தி போட்டதும் அவன் வட்ஸ்அப்பில் கூப்பிட்டான். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. டேட்டா நல்லாத்தான் ஈக்கு மிஸ், கோல் இவ்வளவு தெளிவா வருதே, அப்ப பிரச்சினை போன் செட்டிங்ல, என்றான். அவளுக்கும் அது சரியாகவே பட்டது.

அதற்குப் பிறகு அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தாள். பற்றரியைச் சேமிக்கும் அமைப்பை நிறுத்தினாள். திகதியும் நேரமும் தானாக வரும்படி வைத்தாள். டேட்டாவைச் சுருக்கும் அமைப்பையும் நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு வட்டம் சுழன்றது. ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம் வந்தது. போனை அணைத்துப் போட்டாள். அது மறுபடி உயிர்பெற எடுத்த ஒரு நிமிடத்தில் பாறைமேல் ஆறு அடி முன்னும் ஆறு அடி பின்னுமாக நடந்தாள்.

பன்னிரண்டுக்கு ஸிபான் தயங்கித் தயங்கிச் சொன்னான். வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் போக வேண்டும், ஒன்றேகாலுக்குள் வந்துவிடுவான்.

"உங்களுக்கு இது தெரியுமா தெரியாதா? தெரியலன்னா தெரிஞ்ச ஆளக் குடுங்க" என்றாள் சஞ்சீவனி.

இன்றைக்கு அலுவலகத்தில் அவன் ஒருவன்தானாம். உங்கள் பக்கத்து டவரில் ஏதும் கோளாறோ தெரியாது, முடிந்தால் டவுன் பக்கம் வந்துவிடுங்கள் மிஸ், என்று மட்டும் சொல்லி வைத்தான். வைத்த பிறகுதான் தன் குரல் எப்படி இருந்தது என்பது அவளுக்கே உறைத்தது. ஆனால் அதை நினைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. உடுப்பை மாற்றி, காதுக்கருவியையும் குடையையும் பையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள்.

பஸ் வந்தது. ஆனால் நகரவில்லை. மரத்தை வெட்டி அகற்றுவதற்காக ஒரு பக்கப் பாதையை மூடியிருந்தார்கள். மேலே வருகிறவர்கள் போய் முடிந்தபிறகு இவர்கள், இவர்கள் முடிந்தபிறகு அவர்கள் என்று விட்டுக்கொண்டிருந்தார்கள். சஞ்சீவனி நின்றபடி போனை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள், உள்ளே இழுத்துப் பார்த்தாள். அதைக் கவனித்துக்கொண்டிருந்த சிங்களக் கொண்டக்டர், உடைந்த தமிழில், முன்வாசல் பக்கம் வந்தால் நல்ல சிக்னல் கிடைக்கும் நங்கி என்று தங்கையிடம் சொல்வதுபோல் சொல்லி, தான் குந்தியிருந்த இருக்கையை விட்டு எழுந்து நின்றார். அவள் உட்கார்ந்தாள். நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. மரம் அறுக்கும் இயந்திரம் எங்கோ கத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஐம்பது. ஒன்று ஐந்து. பேசாமல் கண்டிக்கே போய்விடலாமா என்று யோசித்தாள். பேராதனையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்து வாகன நெரிசல் நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணத்தை விட்டாள்.

கடவுளே, இது என் காரியமில்லை, அந்த மனிதருடைய காரியம் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். யாருக்காக இப்படித் தவிக்கிறாள் என்பதைப் பக்கத்தில் இருக்கும் யாரிடமும் சொல்ல முடியாதது தவிப்பை இரட்டிப்பாக்கியது.

ஒன்று பத்துக்கே ஸிபான் கூப்பிட்டான். தொழுகை முடிந்த உடனே சோறுகூடத் தின்னாமல் அலுவலகத்துக்கு ஓடி வந்திருக்கிறான். மூச்சு வாங்குவது கேட்டது.

பிலிமத்தலாவையில் அவள் இறங்கியபோது ஒன்று நாற்பது. ஜும்மா நேரத்துக்கு மூடியிருந்த கடையின் தகரக் கதவை ரபீகா அப்போதுதான் மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்து, போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி வரும் சஞ்சீவனியைப் பார்த்து ரபீகா சிரித்தாள்.

"என்ன புள்ள, விளக்குப் பிடிச்சிக்கிட்டு வாற மாதிரி வாறீங்க?"

சஞ்சீவனிக்குச் சிரிப்பு வரவில்லை. கடையின் கண்ணாடி அலுமாரிமேல் போனை வைத்து, ஸிபான் வட்ஸ்அப்பில் புதிதாக அனுப்பிய கோப்பை இறக்கிப் பழையதை அழித்துப் புதியதைப் போட்டாள். போன் உறைகளும் சார்ஜர் வயர்களும் தொங்கும் அந்தக் கடையில் நாலு கோடு சிக்னல் நிறைந்து நின்றது. வட்டம் சுழன்றது. முடியவில்லை. ஒன்று ஐம்பத்தெட்டு.

தோற்றுப்போனவனின் குரலில் ஸிபான் கேட்டான். "மிஸ், சும்மா ஒரு செய்திப் பக்கத்தத் திறந்து பாருங்களே."

திறந்தாள். வெள்ளைத் திரை. வேறொன்றைத் திறந்தாள். அதுவும் வெள்ளை.

அந்தப் பக்கம் அவன் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "யா அல்லாஹ். இதத்தான் நான் முதல்ல கேட்டீக்க வேணும். உங்கட போன்ல ஈக்கிறது வட்ஸ்அப்புக்கு மட்டும் உள்ள டேட்டா மிஸ். வேற ஒன்னும் அதுல போகாது. நாங்க பேசினது வட்ஸ்அப்ல. அதான் தெளிவாக் கேட்டீக்கு."

சஞ்சீவனி நிமிர்ந்து ரபீகாவைப் பார்த்தாள். அந்த ஊரில் வெளிநாட்டுக் கோல் என்று கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் சவூதியிலும் கட்டாரிலும் இருக்கும் புருஷனோடும் மகனோடும் பேசுகிறவர்கள். அவர்களுக்கு வட்ஸ்அப் மட்டும் போதும். சாதாரண டேட்டா ஒரு பேச்சில் கரைந்துவிடும், இது மாதம் முழுக்க நிற்கும் என்பதால், யாரும் கேட்காமலே ரபீகா இதைத்தான் போடுவாள். வருடக்கணக்காகப் போடுகிறாள். அவள் செய்தது நல்லது. அந்த நல்லதுதான் காலை பதினொன்றிலிருந்து சஞ்சீவனியைப் பாறையிலும் பஸ்ஸிலும் அலையவிட்டிருக்கிறது.

நாக்கின் நுனி வரை சூடு வந்தது. ரபீகா ஒன்றும் அறியாமல், நனைந்த குடையை வாங்கி மூலையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு இன்னொரு பெக்கேஜ் போடணும். எல்லாத்துக்கும் போறது. இப்பவே."

"ஏன், அது முடிஞ்சிருச்சா?"

"இப்பவே போடுங்கக்கா."

அந்தக் குரலில் இருந்த எதையோ கேட்டு ரபீகா மறுபேச்சுப் பேசாமல் தன் போனை எடுத்து எண்களைத் தட்டினாள். செய்தி வரவில்லை. சஞ்சீவனி வாசலுக்குப் போனாள், உள்ளே வந்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள். "அல்லா லேசாக்கி வெப்பான், நில்லுங்க புள்ள" என்றாள் ரபீகா. இரண்டு ஏழுக்குச் செய்தி வந்தது. பொத்தானை அழுத்தினாள். வட்டம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியது. திரையின் மூலையில் சின்னப் பூட்டு ஒன்று முளைத்தது.

இரண்டு பத்து. 'தயார்.' பச்சை.

நின்று மூச்சுவிட முடியாது. வெளியே கொழும்பு-கண்டி ரோடு முழுச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. யார் காதிலும் விழாத இடம் வேண்டும். என்ன, ஏது என்று சொல்லாமல், கதவை மூடிக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருக்க ஓர் இடம் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ரபீகா ஏன் என்று கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறை. அங்கே விரித்திருந்த தொழுகைப் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்து, கதிரை ஒன்றைப் போட்டாள். விசிறியின் சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்று தானே நினைத்து அதை நிறுத்தினாள். பிறகு வெளியே போய்த் தகரக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, அதற்கு முன்னால் ஒரு முக்காலியில் குந்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், ரீலோட் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம் அது.

சஞ்சீவனி கண்ணை மூடிக்கொண்டாள். என் வாயில் பிசகு வராமல் பார்த்துக்கொள்.

இரண்டரைக்கு மணி அடித்தது.

முதலில் டொக்டரின் குரல். பிறகு பெரியவருடையது. "அதே பிள்ளையோ?" என்றார். அதையும் அவள் டொக்டருக்கு மாற்றிச் சொன்னாள். மகளும் அறையில் இருந்தாள்.

டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். புண் எலும்பைத் தொட்டுவிட்டது. காலை எடுத்தால் உயிருக்குப் பயமில்லை. எடுக்காவிட்டால் விஷம் இரத்தத்தில் ஏறலாம், மாதக் கணக்குத்தான். சஞ்சீவனி ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏந்தி அந்தப் பக்கம் வைத்தாள். எதையும் மெதுவாக்கவில்லை. எதையும் கூர்மையாக்கவும் இல்லை. அப்போது தூரத்தில் பேக்கரிப் பாணும் பனிசும் விற்கும் முச்சக்கர வண்டியின் பாட்டு கேட்டது. கிட்ட வந்தது, தகரக் கதவுக்கு நேரே வந்தது. அவள் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பாட்டு சட்டென்று நின்றது.

மகள் அழத் தொடங்கினாள். "அப்பா, நான் உங்களை ஏமாத்தேல்ல. சொன்னா நீங்கள் சாப்பாட்டையே விட்டிடுவியள் எண்டு பயந்திட்டன். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான்."

அதையும் சஞ்சீவனி மாற்றிச் சொல்ல வேண்டும். நான் பயந்துவிட்டேன் என்று, தானே மகளாகி, இங்கிலிஷில் டொக்டரிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய கண்ணும் நிறைந்தது. சொல் மட்டும் நிறையவும் இல்லை, குறையவும் இல்லை.

திருச்செல்வம் கேட்டார். "எடுத்தா எத்தின மாசத்தில நடக்கலாம்?"

செயற்கைக் கால் பொருத்தி, பழகி, நாலைந்து மாதம் என்றார் டொக்டர்.

"அப்ப எடுங்கோ." பிறகு சொன்னார். "டொக்டரிட்ட இதையும் சொல்லு பிள்ளை. மகளில ஒரு பிழையும் இல்லை. அவளால சொல்ல ஏலாமப் போச்சு. எனக்கும் அவளிட்டக் கேக்க ஏலாமப் போச்சு. நீங்கள் ஆரோ எவரோ, அதால சுகமாக் கேட்டிட்டன்."

படிவங்கள், திகதி, இரத்தப் பரிசோதனை என்று பேச்சு இறங்குமுகமானது. முடியும் தறுவாயில் பெரியவர், பிள்ளை நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். அவள் தன் பாட்டில் பதில் சொல்ல முடியாது. நீங்கள் எந்த ஊர் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறார் என்று டொக்டருக்குச் சொன்னாள். டொக்டர் சிரித்து, பதில் சொல்லுங்களேன் என்று அனுமதி கொடுத்தார்.

"கண்டிப் பக்கங்கய்யா."

"அங்க மழையோ?"

"பேஞ்சுக்கிட்டே இருக்குங்கய்யா."

"ம்" என்றார் அவர். அந்த மழை தன் காதில் விழுகிறதா என்று கேட்பவர்போலச் சற்று நேரம் லைனில் இருந்தார். பிறகு லைன் போனது.

அவள் உட்கார்ந்த இடத்திலேயே ஸிபானுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். வேலை முடிந்தது, மத்தியானம் பேசிய பேச்சுக்கு மன்னிக்க வேண்டும், முதலில் போய்ச் சாப்பிடுங்கள். எழுதி முடித்த பிறகு, வாசலிருக்கையை விட்டுக்கொடுத்த கொண்டக்டரின் நினைவும் வந்தது. அவருக்குச் செய்தி அனுப்ப வழியில்லை. அவருடைய வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நமக்கு நன்மை செய்கிற பாதிப்பேருக்கு நாம் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது கண்ணாடி அலுமாரிமேல் இரண்டு பனிசும் ஒரு கோப்பைப் பிளேன்ரீயும் இருந்தன. பாண்காரனின் பாட்டை நிறுத்த என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். உள்ளே ஒரு புள்ள பரீட்சை எழுதுகிறாள் என்று சொன்னாளாம் ரபீகா. அவன் பாட்டை நிறுத்தியதோடு, சந்தி வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனானாம். "பனிஸ் வாங்காம அனுப்ப மனசு வரல்ல. பாஸாகினா சொல்லச் சொன்னான்."

சஞ்சீவனி அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள்.

"சரி, சொல்லுங்க. அந்த பெக்கேஜ்ல என்ன கோளாறு? நான் நல்லதுதானே போட்டன்?"

டவர் பிரச்சினைக்கா என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. மழையில் கதவுக்கு வெளியே ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து, வந்த கிராக்கியையெல்லாம் திருப்பி அனுப்பியவளிடம், எல்லாம் உன்னால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் யாருக்கும் நட்டமில்லை. ரபீகாவின் முகமும் வாடாது. ஆனால் சற்று முன்தான், ஒரு மகள் சொல்லாமல் விட்டதை அவள் தன் வாயாலேயே இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பாசத்தில் மூடி வைத்ததுதான் அதுவும்.

பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரபீகாவையும் உட்காரச் சொன்னாள். "அக்கா, நீங்க போட்டது நல்ல பெக்கேஜ்தான். வட்ஸ்அப்புக்கு. என் வேலை வட்ஸ்அப் இல்லக்கா, கம்பெனி வழியில போகணும். அதுக்கு அதுல இடம் இல்ல. எதுக்குன்னு நான் சொல்லல. நீங்களும் கேக்கல."

ரபீகாவின் முகம் சுருங்கியது. தேத்தண்ணீர்க் கோப்பையைச் சும்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினாள். அவளைக் குற்றம் சொல்ல வரவில்லை என்று சஞ்சீவனி சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ரபீகா அதை யோசிக்கவில்லை. வேறெதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ரிப்கா" என்றாள் ரபீகா.

அது கெலிஓயாவிலிருந்து இங்கே கலியாணம் கட்டி வந்த ஒரு பிள்ளை. போன மாதம் வீட்டிலிருந்து செய்யும் ஒரு கம்பெனி வேலை கிடைத்து, சந்தோஷமாக டேட்டா போட வந்திருக்கிறாள். வேலை துபாய்க் கம்பெனி என்றதும் ரபீகா வழக்கமானதையே போட்டாள். மூன்று தரம் வந்து, தாத்தா, தாத்தா என்று அக்காமுறை சொல்லிக் கூப்பிட்டு, கம்பெனிப் பக்கம் திறக்கவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னாளாம். ரபீகா அவளுடைய பழைய போனைத்தான் குறை சொன்னாள். புதுப் போன் வாங்க வழியில்லாமல் அந்தப் பிள்ளை வேலையை விடப்போவதாகப் போன கிழமை யாரோ சொன்னார்கள்.

"நான் அந்தப் புள்ளட போனுக்கு ஏசினேனே" என்றாள் ரபீகா மெதுவாக.

ரோட்டில் கடுகண்ணாவைப் பக்கம் போகும் பஸ் ஒன்று வந்து நின்றது. கொண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவினான். சஞ்சீவனி எழவில்லை. ரபீகா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, போனில் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினாள். கண்டுபிடித்து அழுத்திக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

யாரோ எடுத்தார்கள்.

"ரிப்கா புள்ளையா? நான் ரபீகா தாத்தா. அந்தக் கம்பெனி வேல இன்னும் ஈக்கா?" என்று கேட்ட ரபீகா, பதிலைக் கேட்பதற்காக மறு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். பஸ் புறப்பட்டுப் போனது.